சலரோகம் மூளையையும் தொடும்: முதுமையடையும் நாடு பார்க்கத் தவறிய கணக்கு

பத்திரிகைக் காரியாலயங்களுக்கு வந்துசேரும் அறிவித்தல்களில் ஒரு வகை அண்மைக்காலமாக அதிகரித்து வருகிறது. முதியவர் ஒருவரின் புகைப்படம், வீட்டிலிருந்து புறப்பட்ட நேரம், உடுத்தியிருந்த உடை, தொலைபேசி இலக்கம், அதற்குக் கீழே “ஞாபகமறதி உள்ளவர்” என்ற ஒரு வரி. காணாமற்போனோர் என்ற சொல்லுக்கு இந்நாட்டில் வேறொரு கனமான பொருள் உண்டு. இங்கே கூறவருவது அதுவல்ல. காலையில் பத்திரிகை வாங்கிவரவென்று கடைக்குச் சென்றவர், நாற்பது வருடங்கள் நடந்து பழகிய வீதியில் திரும்பும் வழி தெரியாது நின்றுவிடும் நிலையே இங்கு பேசப்படுவது.

அறிவித்தலைக் கொண்டுவரும் பிள்ளைகளுடனோ மருமக்களுடனோ பேச்சுக் கொடுத்தால் பெரும்பாலும் ஒரே மாதிரியான தகவலே கிடைக்கும். “அப்பாவுக்கு இருபது வருஷமாகச் சீனி வருத்தம். பிரஷரும் இருக்கிறது. மறதி இப்பத்தான் வந்தது” என்பார்கள். இந்த மூன்றும் அவர்களுடைய கணக்கில் மூன்று தனித்தனி வருத்தங்கள். கால் புண்ணுக்கு ஒரு வைத்தியர், கண்ணுக்கு இன்னொருவர், சிறுநீரகத்துக்கு வேறொருவர் என்று அலைந்து பழகிய குடும்பங்களுக்கு மறதி என்பது முதுமையோடு இயல்பாக வருவது, அதற்கும் சலரோகத்துக்கும் சம்பந்தமில்லை என்றே தோன்றுகிறது. ஆனால், கடந்த கால் நூற்றாண்டு காலத்தில் மருத்துவ ஆய்வுகள் இந்த எண்ணத்தைப் பெருமளவுக்கு மாற்றிவிட்டன.

முதலில் எமது நாட்டின் நிலையைப் பார்ப்போம். 2005-2006 ஆம் ஆண்டுகளில் நாடளாவிய ரீதியில் நடத்தப்பட்ட ஆய்வொன்று, இலங்கையில் வயதுவந்தோரில் சுமார் 10 வீதத்தினருக்கு நீரிழிவு உள்ளதாகக் கண்டறிந்தது. நகரப்புறங்களில் அது 16 வீதத்தைத் தாண்டியிருந்தது. நோயுள்ளவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு மேற்பட்டோர் தமக்கு நோய் உள்ளதென்பதையே அறியாதிருந்தனர். அதன்பின் 2018-2019 இல் மேற்கொள்ளப்பட்டு 2023 இல் முடிவுகள் வெளியிடப்பட்ட இலங்கை சுகாதார மற்றும் முதுமை தொடர்பான ஆய்வு, இவ்வீதம் ஏறத்தாழ 23 ஆக இருப்பதாகக் கூறியது. மேலும் 30 வீதமானோர் நீரிழிவின் வாசலில் நிற்கின்றனர். இரு ஆய்வுகளும் ஒரே முறையில் நடத்தப்பட்டவை அல்ல என்பதால் நோய் இரட்டிப்பாகிவிட்டது என்று நேரடியாகக் கழித்துக் கூட்டிக் கூறிவிட முடியாது. எனினும், நாட்டின் வயதுவந்தோரில் பாதிப்பேருக்கு மேல் குருதியில் குளுக்கோசின் அளவு இருக்கவேண்டிய இடத்தில் இல்லை என்பது எவ்விதத்திலும் சிறிய செய்தியல்ல.

அதே ஆய்வு, வசதி படைத்த குடும்பங்களிலும் அபிவிருத்தியடைந்த பிரதேசங்களிலும் முஸ்லிம் மக்களிடையேயும் நோய் கூடுதலாக இருப்பதைச் சுட்டிக்காட்டியுள்ளது. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, தெஹிவளை, நுகேகொடை என்று கொழும்பையும் அதன் சுற்றுப்புறங்களையும் வாழ்விடமாகக் கொண்ட எமது வாசகர்கள் இந்த விவரணத்தில் தம்மை அடையாளம் கண்டுகொள்வதில் சிரமம் இருக்காது.

மறுபுறத்தில் நாடு முதுமையடைந்து வருகிறது. 2012 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டில் 65 வயதைக் கடந்தோர் மொத்த சனத்தொகையில் 7.9 வீதமாக இருந்தனர். 2024 ஆம் ஆண்டின் மதிப்பீட்டில் அது 12.6 வீதமாகியுள்ளது. மறதி நோய் குறித்து எமது நாட்டில் நடந்த முன்னோடி ஆய்வு ராகமையில் மேற்கொள்ளப்பட்டு 2003 இல் வெளியானது. 65 வயதுக்கு மேற்பட்ட 703 பேரைப் பரிசோதித்த அந்த ஆய்வில் ஏறத்தாழ 4 வீதத்தினருக்கு டிமென்ஷியா எனப்படும் மூளைத்தேய்வு நோய் இருந்தமை தெரியவந்தது. அவர்களில் பத்தில் ஏழு பேருக்கு அது அல்சைமர் வகையாக இருந்தது. அன்று பரிசோதிக்கப்பட்ட முதியவர்கள் சீனியும் கோதுமை மாவும் அளவோடு கிடைத்த காலத்தில் வளர்ந்த தலைமுறையினர் என்பதை மறந்துவிடக்கூடாது. இன்று நாற்பதிலும் ஐம்பதிலும் நீரிழிவோடு வாழும் தலைமுறை அந்த வயதை அடையும்போது கணக்கு என்னவாகும் என்பதே கேள்வி.

ஜேர்மனிய வைத்தியர் அலோயிஸ் அல்சைமர், தமது நோயாளி ஒருவரின் மூளையில் கண்ட விசித்திரமான படிவுகளைப் பற்றி 1906 இல் உரையாற்றிய காலத்திலிருந்து நீண்ட காலமாக, இந்நோய் மூளைக்குள்ளேயே பிறந்து மூளைக்குள்ளேயே வளர்வது என்று கருதப்பட்டது. உடலின் பிற பாகங்களுக்கு அதில் பங்கில்லை. இந்நம்பிக்கையை அசைத்த ஆய்வுகளில் முக்கியமானது நெதர்லாந்தின் ரொட்டர்டாம் நகரில் நடந்தது. ஆறாயிரத்துக்கு மேற்பட்ட முதியவர்களைத் தொடர்ந்து அவதானித்த ஆய்வாளர்கள், நீரிழிவு உள்ளோருக்கு மூளைத்தேய்வு ஏற்படும் வாய்ப்பு ஏனையோரை விட ஏறத்தாழ இரு மடங்கு என்று 1999 இல் அறிவித்தனர்.

2005 இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவிலிருந்து வந்த ஆய்வு இன்னொரு படி முன்னே சென்றது. 1960களிலும் 1970களின் ஆரம்பத்திலும் நாற்பது முதல் நாற்பத்தைந்து வயதாக இருந்தபோது நிறை அளக்கப்பட்ட பத்தாயிரம் பேரின் மருத்துவப் பதிவுகள் மூன்று தசாப்தங்களுக்குப் பின்னர் எடுத்துப் பார்க்கப்பட்டன. நடுவயதில் பருத்த உடலைக் கொண்டிருந்தோருக்கு முதுமையில் மறதி நோய் வந்த வீதம், சாதாரண நிறை உடையோரை விட 74 வீதம் அதிகமாக இருந்தது. அதே ஆய்வாளர்கள் 2008 இல் வயிற்றின் பருமனைத் தனியாக எடுத்து ஆராய்ந்தபோது, தொந்தி மிகப் பெரிதாக இருந்தோருக்கு ஆபத்து மும்மடங்கை நெருங்கியது. நாற்பது வயதுத் தொந்தி எழுபது வயது மூளையோடு தொடர்புடையது என்ற செய்தி அன்று பலருக்கும் நம்பமுடியாததாக இருந்தது.

இது எவ்வாறு நிகழ்கிறது? உடல் நிறையில் நூற்றுக்கு இரண்டு பங்கே உள்ள மூளை, உடலின் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கைச் செலவிடுகிறது. அந்தச் சக்தியைக் கொண்டுசெல்பவை மயிரிழையிலும் மெல்லிய குருதிக்குழாய்கள். கண்ணின் விழித்திரையையும் சிறுநீரகத்தையும் பாதத்தின் நரம்புகளையும் சலரோகம் எவ்வாறு அரிக்கிறதோ, அவ்வாறே இக்குழாய்களையும் அரிக்கிறது. வெளியே தெரியும் பாரிசவாதம் ஒன்று ஏற்படுவதற்கு முன்பே, நோயாளியோ குடும்பமோ உணராத சிறு சிறு அடைப்புகள் மூளையின் உட்பகுதிகளில் சேர்ந்துவிடுகின்றன.

இரண்டாவது வழி இன்சுலின் சம்பந்தப்பட்டது. இன்சுலின் வெறுமனே சீனியைக் கட்டுப்படுத்தும் சுரப்பு மட்டுமல்ல. நினைவுகளைப் பதித்துவைக்கும் மூளைப் பகுதியிலும் அதற்கு வேலையுண்டு. உடல் பருத்து, இன்சுலினுக்கு உடல் செவிசாய்க்க மறுக்கும் நிலை உருவாகும்போது மூளையும் அவ்வாறே மறுக்கத் தொடங்குவதாக ஆய்வுகள் கூறுகின்றன. இதில் வியப்பான ஓர் அம்சம் உண்டு. இன்சுலினைச் சிதைத்து அகற்றும் அதே நொதியமே அல்சைமர் நோயில் மூளையில் படியும் அமைலொயிட் என்ற புரதத்தையும் சிதைத்து அகற்றுகிறது. குருதியில் இன்சுலின் மிகையாக இருக்கும்போது இந்த நொதியம் ஒரு வேலையிலேயே முடங்கிவிட, மற்றக் குப்பை தேங்குகிறது என்பது விஞ்ஞானிகளின் ஊகம். இதற்கும் மேலாக, வயிற்றைச் சுற்றிய கொழுப்பு சும்மா கிடப்பதில்லை. உடல் முழுவதும் மெல்லிய அழற்சியைத் தூண்டும் பொருட்களை ஓயாது சுரந்துகொண்டிருக்கிறது.

இவற்றைக் கண்டுதான் அமெரிக்காவின் பிரௌன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சூசன் டி லா மொன்டேயும் அவரது சகாக்களும் 2005 இல் அல்சைமர் நோயை “மூன்றாம் வகை நீரிழிவு” என்று அழைத்தனர். பத்திரிகைகளுக்கு மிகவும் பிடித்துப்போன பெயர் இது. ஆயினும் மருத்துவ உலகம் இதனை ஒரு நோய்ப் பெயராக ஏற்றுக்கொள்ளவில்லை. நீரிழிவு இல்லாத பலருக்கும் அல்சைமர் வருகிறது. இருபது, முப்பது வருடங்கள் நீரிழிவோடு வாழ்ந்தும் இறுதிவரை தெளிந்த சிந்தையோடு இருந்த பெரியவர்களை நாம் எல்லோரும் அறிவோம். ஆபத்து கூடுகிறது என்பதற்கும் வந்தே தீரும் என்பதற்கும் உள்ள இடைவெளி பெரியது. வாசகர்களைப் பயமுறுத்துவது இக்கட்டுரையின் நோக்கமல்ல.

எனினும், நோய் எந்த வயதில் தொடங்குகிறது என்பது முக்கியம் பெறுகிறது. லண்டனில் அரசாங்க ஊழியர்கள் பத்தாயிரம் பேரைப் பல தசாப்தங்களாகப் பின்தொடர்ந்த ஆய்வின் முடிவுகள் 2021 இல் வெளியாகின. எழுபது வயதில் ஒருவரை எடுத்துக்கொண்டால், அவருக்கு நீரிழிவு ஐந்து வருடங்கள் முன்னதாகத் தொடங்கியிருந்தால் மறதி நோய்க்கான ஆபத்து 24 வீதத்தால் கூடுகிறது. பத்து வருடங்களுக்கு மேல் என்றால் இரு மடங்கு. மேற்கத்தேய நாட்டவரை விடப் பத்து வருடங்கள் முன்னதாகவே நீரிழிவுக்கு ஆளாகும் தெற்காசியருக்கு இதைவிடத் தெளிவான எச்சரிக்கை தேவையில்லை.

இன்னொரு ஆய்வு, நீரிழிவு இல்லாதவர்களிடத்திலும் குருதிச் சீனி சற்று உயர்வாக இருந்தால் ஆபத்து சற்றே கூடுவதை 2013 இல் காட்டியது. “எனக்கு இன்னும் சீனி வரவில்லை, போடர்லைனில்தான் நிற்கிறது” என்று ஆறுதலடைவோருக்கு இது.

மெலிந்தவர்களும் ஆறுதலடைய முடியாது. மேலே குறிப்பிட்ட 2018-2019 ஆய்வில், உடல் திணிவுச் சுட்டி 23 இற்குக் குறைவாக இருந்தோரிலும், அதாவது கணக்கின்படி மெலிந்தவர்களிலும், ஐவரில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது. தோற்றத்தில் ஒல்லி, வயிற்றுக்குள்ளே கொழுப்பு என்பது எமது பிராந்தியத்து உடல்களின் வாகு. ஆகவே தராசை விட அளவு நாடாவே எமக்குப் பயனுள்ள கருவி. ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர் என்பதே தெற்காசியருக்கென வகுக்கப்பட்ட இடையளவு எல்லை. எமது சமூகத்தில் தொந்தியை நோயாகப் பார்க்கும் வழக்கம் இல்லை. அது வசதியின் அடையாளம். கலியாணமான ஆறு மாதத்தில் மாப்பிள்ளை பூசியிருந்தால் மருமகளின் சமையலுக்குப் பாராட்டு.

மாலை ஆறு மணிக்குப் பின்னர் வெள்ளவத்தைக் காலி வீதியில் நடந்து பார்த்தால் எமது உணவுப் பழக்கம் எங்கே வந்து நிற்கிறது என்பது விளங்கும். கொத்துரொட்டி தட்டும் ஓசை கேட்காத இடமில்லை. கோதுமை மா, எண்ணெய், முட்டை, மேலே ஊற்றும் குழம்பு என்று ஒரு தட்டில் ஒரு நாளைக்குரிய சக்தி அடங்கிவிடுகிறது. அதை உண்பவர் அன்று பகல் முழுவதும் கதிரையிலிருந்து எழும்பாத எழுதுவினைஞர். கொட்டாஞ்சேனையில் காலை வேளைகளில் பாடசாலைப் பிள்ளைகளின் கைகளில் இருப்பது சீனி தூவிய பணிஸ். தேநீரில் மூன்று கரண்டி சீனி போடாவிட்டால் விருந்தினரை அவமதித்ததாகக் கொள்ளும் வீடுகள் இன்றும் உள்ளன. முஸ்லிம் இல்லங்களின் விருந்துகளில் புரியாணிக்குப் பின் வட்டிலப்பம் வராமல் சாப்பாடு முடிவதில்லை. சைவ வீடுகளின் விசேடங்களில் இலையின் ஓரத்தில் கேசரியும் லட்டும் காத்திருக்கும். இவை பண்டிகைக்கு உரியனவாக இருந்தவரை கேடில்லை. வாரத்துக்கு ஒரு பிறந்தநாள், ஒரு பூப்புனித நீராட்டு விழா, ஒரு வலீமா என்று ஆனபோதுதான் கேடு.

உணவை மட்டும் குறைகூறுவதும் நியாயமல்ல. நடப்பதற்கு இடம் வேண்டும். இக்கட்டுரையாளர் வசிக்கும் நுகேகொடையில் ஹைலெவல் வீதியோரம் காலையில் நடக்கப் புறப்பட்டால் பேருந்துக்கும் கடைப்பலகைக்கும் இடையே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் நடக்கவேண்டும். வெள்ளவத்தையில் கடற்கரையோர வீதி இருக்கிறது. ஆண்கள் அங்கே நடக்கின்றனர். தொடர்மாடியில் ஐந்தாம் மாடியிலுள்ள அவர்களின் தாய்மாரும் மனைவியரும் நடப்பதில்லை. எமது பெண்களுக்கு, குறிப்பாக நாற்பது கடந்த தமிழ், முஸ்லிம் பெண்களுக்கு, உடற்பயிற்சி என்பது இன்னமும் கூச்சத்துக்குரிய விடயம். பாடசாலை மைதானங்களை மாலையில் ஒரு மணித்தியாலம் பெண்களுக்கென ஒதுக்கினால் என்ன என்று எந்த மாநகரசபை உறுப்பினரும் கேட்டதாகத் தெரியவில்லை.

இந்த நோயின் சுமை விழுவதும் பெரும்பாலும் அந்தப் பெண்களின் மீதே. பிள்ளைகள் ரொறன்ரோவிலும் லண்டனிலும் மெல்பேர்னிலும் இருக்க, வெள்ளவத்தைத் தொடர்மாடியில் தனித்திருக்கும் முதிய தம்பதியினரை நாம் அறிவோம். கணவருக்கு மறதி. மனைவிக்கு முழங்கால் வலியும் சலரோகமும். அவருடைய குளிசைகளையும் தன்னுடைய குளிசைகளையும் அவரே பிரித்து வைக்கிறார். ஒருநாள் அவருக்கும் மறதி தொடங்கினால் யார் பிரித்து வைப்பது? வெளிநாட்டிலிருந்து பணம் வரும். பராமரிக்கும் கைகள் வருவதில்லை. கூலிக்குக் கிடைக்கும் பராமரிப்பாளர் பலருக்குத் தமிழ் தெரியாது. மறதி நோயில் பின்னாளில் கற்ற மொழிகள் முதலில் நழுவித் தாய்மொழியே எஞ்சுவது பலரிடம் காணப்படுகிறது. நாற்பது வருடம் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் அலுவல் பார்த்தவர், இறுதியில் தண்ணீர் கேட்பதும் தமிழில்தான். ஞாபகசக்தியைப் பரிசோதிக்கும் வினாக்களும் நோயாளியின் தாய்மொழியில் கேட்கப்படாவிட்டால் மொழி புரியாமை மறதியாகவும், மறதி மொழி புரியாமையாகவும் பதிவாகிவிடும். மருதானையில் இயங்கும் லங்கா அல்சைமர் மன்றம் போன்ற தொண்டு நிறுவனங்கள் பெரும்பணி ஆற்றுகின்றன. தலைநகரில் ஒரு மையம் முழு நாட்டுக்கும் போதாது.

இவ்விரு நோய்களும் ஒருவரிடத்தில் சேரும்போது சிகிச்சையும் சிக்கலாகிறது. மறதி உள்ளவர் காலைக் குளிசையை இருமுறை எடுக்கிறார். அல்லது இன்சுலின் ஏற்றிக்கொண்டபின் உண்ண மறந்துவிடுகிறார். சீனி சடுதியாகத் தாழ்ந்து மயக்கமுறுகிறார். இவ்வாறு கடுமையாகத் தாழும் ஒவ்வொரு முறையும் மூளைக்குப் பாதிப்பே. முதிய நீரிழிவு நோயாளர் பதினாறாயிரம் பேரை ஆராய்ந்து 2009 இல் வெளியான அமெரிக்க ஆய்வு, வைத்தியசாலையில் அனுமதிக்கும் அளவுக்குச் சீனி தாழ்ந்தவர்களிடம் பின்னர் மறதி நோய் கூடுதலாக வருவதைக் காட்டியது. ஆதலால்தான் எண்பது வயதுத் தந்தைக்கு நாற்பது வயது மகனுக்குரிய இலக்கை வைத்துச் சீனியைக் கட்டுப்படுத்த வைத்தியர்கள் விரும்புவதில்லை. வைத்தியர் குளிசையைக் குறைத்தால், “கவனிக்காமல் விடுகிறார்” என்று குறைபட்டுக்கொள்ளும் பிள்ளைகள் இதனை அறிந்திருப்பது நல்லது. நோன்பு காலத்திலும் இதே அவதானம் வேண்டும். நோன்பு நோற்க விரும்பும் நீரிழிவு நோயாளர் ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்னரே வைத்தியரைக் கண்டு மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொள்ளவேண்டும் என்பது வைத்திய ஆலோசனை. நோயாளிக்கு மார்க்கமே சலுகை வழங்கியிருக்கையில், மறதியும் சேர்ந்த முதியவரைக் குடும்பத்தினர் வற்புறுத்தாதிருக்கக் குத்பாக்களில் இரண்டு வார்த்தை கூறப்பட்டால் அதன் பயன் பெரிது.

நிறையைக் குறைக்கும் புதிய ஊசிமருந்துகள் மூளையையும் காப்பாற்றிவிடும் என்ற எதிர்பார்ப்பு உலகெங்கும் பலமாக இருந்தது. அவற்றுள் பிரபலமான செமாகுளுடைட், அல்சைமர் நோயின் ஆரம்பக் கட்டத்திலுள்ள சுமார் 3,800 பேரிடம் பரிசோதிக்கப்பட்டது. நோயின் வேகத்தை அது குறைக்கவில்லை என்று தயாரிப்பு நிறுவனமே 2025 நவம்பரில் அறிவித்தது. நோய் தொடங்கிய பின்னர் கொடுப்பதால் பயனில்லை என்பதா, நடுவயதிலேயே கொடுத்தால் பயன் இருக்குமா என்பது இனிமேல்தான் தெரியவரும். எவ்வாறாயினும், மாதச் சம்பளத்தில் வாழும் இலங்கைக் குடும்பத்துக்கு அந்த விலை எட்டாதது.

எட்டக்கூடியவை வேறு. மறதி நோய்க்கான காரணிகளில் மாற்றக்கூடிய பதினான்கை 2024 இல் லான்செட் மருத்துவ சஞ்சிகையின் ஆணைக்குழு பட்டியலிட்டது. நீரிழிவு, உடற்பருமன், உயர் குருதியமுக்கம், உடலுழைப்பின்மை, புகைத்தல், கேள்விக்குறைபாடு, தனிமை ஆகியன அவற்றுட் சில. அனைத்தும் அகற்றப்படுமாயின் உலகின் மறதி நோயில் 45 வீதத்தைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அதன் மதிப்பீடு. பின்லாந்தில் அறுபது வயது கடந்த 1,260 பேரிடம் உணவு, உடற்பயிற்சி, மூளைக்கான பயிற்சி, குருதியமுக்கக் கண்காணிப்பு ஆகியவற்றை இரண்டு ஆண்டுகள் சேர்த்துச் செயற்படுத்தியபோது சிந்தனைத் திறன் மேம்பட்டமை 2015 இல் நிரூபிக்கப்பட்டது. எமக்கு அண்மையிலுள்ள சென்னையில், நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேரிடம் நடந்து 2006 இல் வெளியான ஆய்வு, நடையாலும் உணவு மாற்றத்தாலும் மாத்திரம் நோயை 28 வீதத்துக்கு மேல் குறைக்கலாம் என்று காட்டியது.

இலங்கை அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்றும் கூறிவிட முடியாது. 2016 ஆகஸ்டில் இனிப்புப் பானங்களுக்குச் சிவப்பு, மஞ்சள், பச்சை வர்ணக் குறியீடுகள் கட்டாயமாக்கப்பட்டன. 2017 நவம்பரில் சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டத்தில் பானங்களிலுள்ள ஒவ்வொரு கிராம் சீனிக்கும் 50 சதம் வரி முன்மொழியப்பட்டது. சுமார் ஓராண்டில் அது குறைக்கப்பட்டமை வேறு கதை. நடுவயதினரைப் பரிசோதிப்பதற்கென ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்கள் நாடெங்கிலும் வைத்தியசாலைகளில் அமைக்கப்பட்டுள்ளன. பரிசோதனை இலவசம். ஆயினும் அங்கே வருவோரில் பெரும்பாலானோர் பெண்கள். ஆண்கள் வேலை நேரத்தில் வர முடிவதில்லை, வரவும் விரும்புவதில்லை. 2022 இன் பொருளாதார நெருக்கடியில் மருந்துகள் கிடைக்காது அல்லலுற்ற நீரிழிவு நோயாளர்கள் பலர் குளிசைகளைப் பாதியாக உடைத்து உட்கொண்டனர். அதன் விலையை அவர்களது சிறுநீரகமும் மூளையும் எப்போது கேட்கும் என்பது இப்போது தெரியாது.

நீரிழிவுக் கிளினிக்குக்குக் கொண்டுசெல்லும் கொப்பியில் நிறை, குருதியமுக்கம், சீனி, கண், பாதம் ஆகியவற்றுக்குப் பதிவு உண்டு. அறுபது வயதைக் கடந்தவருக்கு ஆண்டுக்கு ஒருமுறை ஞாபகசக்தி பற்றிய ஐந்து நிமிடப் பரிசோதனையையும், அவரவர் மொழியிலேயே, அதிற் சேர்ப்பதற்குப் புதிய கட்டடமோ வெளிநாட்டுக் கடனோ தேவையில்லை. ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்களை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது திறப்பதும், வெள்ளிக்கிழமை ஜும்ஆவின் பின்னர் பள்ளிவாசல் முற்றத்திலும் திருவிழாக் காலங்களில் கோவில் வீதியிலும் அளவு நாடாவோடும் சீனி பார்க்கும் கருவியோடும் ஒரு தாதியை அமர்த்துவதும் சுகாதார அமைச்சின் சக்திக்கு அப்பாற்பட்டவை அல்ல. பள்ளிவாசல் நிர்வாகங்களும் ஆலய பரிபாலன சபைகளும் அமைச்சு வரும்வரை காத்திருக்கவேண்டிய அவசியமும் இல்லை. இப்பகுதிகளில் இளைப்பாறிய தாதியரும் வைத்தியர்களும் தாராளமாக வசிக்கின்றனர்.